லைன் வீட்டுப் பாப்பா மட்டும் ஏன் அழுவுது?

கோத்தகிரி பக்கம் எஸ்டேட்ல இருக்கோம்ங்க. பொண்ணுக்கு 5 வயசு, ஆர்டிஇ (கல்வி உரிமைச் சட்டம்) 25 சதவீத கோட்டாவுல தனியார் ஸ்கூல்ல யூகேஜி படிக்கிறா. நேத்து ரெண்டு வீடு வரைஞ்சா, பங்களா வாசல்ல நிக்கிற பாப்பா சிரிக்குது, லைன் வீட்டுப் (எஸ்டேட் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின வீடு) பாப்பா அழுவுது, ஏன்டி தங்கம் அழுவுதுன்னு கேட்டா "அவங்ககிட்ட கார் இல்லையில்லம்மா"ங்கிறா, எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, வீட்டுல நாங்க பணப்பேச்சே எடுக்க மாட்டோம்.

4, 5 வயசுலயே துணி, வீடு, பொம்மைய வச்சு யாரு வசதின்னு புள்ளைங்க கண்டுபிடிச்சிரும்னு படிச்சிருக்கேன், ஆனா வசதின்னா சந்தோஷம்னு அதுங்களே முடிச்சுப் போட்டுக்குமா? (சீசனுக்கு ஊட்டி வர்ற டூரிஸ்ட் புள்ளைங்க சிரிச்ச மூஞ்சியாத்தானே சுத்துது, அதப் பாத்துதான் வளருது இதுக.)

திருத்தணுமா, அப்படியே விட்டுறலாமா? டீச்சருங்க, அனுபவப்பட்ட அம்மாக்கள் யாராச்சும் சொல்லுங்களேன், கதை, விளையாட்டுன்னு எதாச்சும் இருந்தாலும் ஓகே. அந்தப் படத்த இன்னும் சுவத்துலதான் ஒட்டி வச்சிருக்கா.