பகுதி சபைக்கு என்ன கேட்பது: சேலம் அம்மாபேட்டை சந்து வாட்ஸ்அப் குழு

கோமதி டீச்சர்: எல்லோருக்கும் வணக்கம். இருபத்தாறாம் தேதி நம் பகுதி சபை, அதாவது வார்டில் நம் பகுதி ஜனங்கள் கூடிக் குறை சொல்கிற கூட்டம். மாநகராட்சி பட்ஜெட் போடுவதற்கு முன்னால் நாம் பேசுவதுதான் கவுன்சிலர் வழியாக மேலே போக வேண்டும். போன முறை மாதிரி ஆளுக்கொரு புகாரைக் கத்திவிட்டு டீ குடித்துவிட்டு வர வேண்டாம். காசு செலவாகிற வேலையில் ஒன்று, மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போடச் சொல்லி ஒன்று, இரண்டே இரண்டு. இன்றைக்கு ராத்திரிக்குள் முடிவு செய்துவிடலாம்.

மாடி வீட்டுத் தம்பி: 🌹 இனிய காலை வணக்கம் 🌹

செல்வி அக்கா: தம்பி, மணி சாயங்காலம் ஆறரை.

பிரபு: தெரு முனையில் ஒரு ஆர்ச் கேட்கலாம் டீச்சர். பக்கத்துத் தெருவில் வைத்த பிறகு பார்சல்காரர்கள் நேராக அங்கே போய்விடுகிறார்கள், நம் வீட்டுக்கு வர வேண்டுமென்றால் நான் லுங்கியோடு மெயின் ரோட்டில் நின்று கை காட்ட வேண்டியிருக்கிறது. மேலே எல்இடி போட்டால் ராத்திரியில் பளிச்சென்று இருக்கும்.

மளிகை அண்ணாச்சி: ஆர்ச் வைத்தால் என் சரக்கு வண்டி எப்படி உள்ளே வரும்? மேலே மூட்டை கட்டி வருகிற வண்டி அது.

செல்வி அக்கா: தண்ணீர் கேளுங்கள். மேட்டூரிலிருந்து தனிக்குடிநீர்த் திட்டம் ஊருக்கு வருகிறது, நம் சந்துக் கடைசிக்கு வரும்போது நூல் மாதிரி வருகிறது. ரோடும் கேளுங்கள். தெரு விளக்கும்.

கோமதி டீச்சர்: அக்கா, ஒன்று.

செல்வி அக்கா: ஒன்று என்று சொன்னால் எதை விடுவது? நான் மட்டும் ஏன் விட வேண்டும், ஆர்ச்சை விடச் சொல்லுங்கள்.

தறி வீட்டு அண்ணன்: நான் இதில் அதிகம் எழுதுகிறவன் இல்லை, தப்பாக இருந்தால் மன்னிக்கவும். ஐப்பசி மழையில் என் தறிக்குழிக்குள் தண்ணீர் வந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், ஆனால் வந்து பார்த்தவர்கள் இரண்டு பேர்தான். குழித்தறி என்றால் காலைக் குழிக்குள் தொங்கப் போட்டு மிதிக்க வேண்டும், அந்தக் குழியில் என் முழங்கால் வரை சாக்கடைத் தண்ணீர். நானும் பையனும் பெயிண்ட் டப்பாவால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினோம், ஊற்றினது எல்லாம் வாசல் வழியாகத் திரும்பி உள்ளே வந்தது. பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல், நனையக் கூடாது என்று மேலே தூக்கிக் கட்டினோம், அப்படியும் ஓரத்து இழை ஈரம் பிடித்து ஒட்டிக்கொண்டது. பட்டு இழை, ஒட்டினால் பிரியாது, அறும். பதினோரு நாள் தறி ஓடவில்லை. இத்தனைக்கும் காரணம் மெயின் ரோட்டு வடிகாலும் நம் சந்து வாய்க்காலும் சேராமல் நடுவில் விட்டுப் போன துண்டு. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வி அக்கா: அய்யோ அண்ணா, பதினோரு நாளா? நான் ஒரு நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிரபு: சரி அண்ணா. ஆனால் வடிகாலும் ஆர்ச்சும் சேர்த்துக் கேட்டால் என்ன? ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலம், டவுனில் ஈரடுக்கு பஸ் ஸ்டாண்டு, இதற்கெல்லாம் காசு இருக்கிறது, நம் சந்துக்கு இல்லையா?

கணக்கு சார்: பிரபு, நான் வேறு ஊர் நகராட்சியில் கணக்குப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். பஸ் ஸ்டாண்டு ஸ்மார்ட் சிட்டிப் பணம். சேலத்தை 2016இல் அந்தத் திட்டத்தில் எடுத்தார்கள், மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி போட்ட தனிக் கணக்கு, அதை எடுத்து நம் வாய்க்காலில் ஊற்ற முடியாது. மேம்பாலம் மாநகராட்சி வேலையே இல்லை. மாநகராட்சியின் சொந்தப் பெட்டியே ஒன்று கிடையாது, மூன்று: பொது வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி. நீ அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டுகிற சொத்து வரியே இந்த மூன்றுக்கும் பிரிந்துதான் போகிறது. இதற்குமேல் டில்லியிலிருந்து நிதி ஆணைய மானியம் வரும், மத்திய அரசின் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிற ஆணையம் அது. 2021-26க்கான கணக்கில் நூறு ரூபாய் வந்தால் முப்பது குடிநீருக்கு, முப்பது குப்பை, சுகாதாரத்துக்கு என்று அங்கேயே பெயர் எழுதி அனுப்பினார்கள். மிச்சம் நாற்பதுதான் நம் இஷ்டம், அந்த நாற்பதிலும் சம்பளம் போடக் கூடாது என்றார்கள். அறுபது வார்டு அந்த மாதிரி மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நீ அங்கே போய் ஆர்ச் கேட்கிறாய்.

மாடி வீட்டுத் தம்பி: சார், திருச்சிக்கு மட்டும் வேறு கணக்கு என்கிறார்களே, உண்மையா?

கணக்கு சார்: உண்மை. அந்த 2021-26 கணக்கில் பத்து லட்சம் ஜனத்தொகைக்கு மேல் உள்ள நகரங்களுக்குத் தனிப் பட்டியல் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி, நான்குதான். பார்த்தது 2011 கணக்கெடுப்பு. சேலம் அதில் மாநகராட்சி அளவில் 8.29 லட்சம், சுற்றுப்புறம் சேர்த்தும் ஒன்பது லட்சத்துச் சொச்சம். கொஞ்சத்தில் போயிற்று.

மளிகை அண்ணாச்சி: என் பேரன் 2011இல் பிறக்கவே இல்லை, இப்போது ஆறாவது படிக்கிறான். அவனை எப்போது எண்ணுவார்கள்?

கோமதி டீச்சர்: அண்ணாச்சி 😄 சரி, வேலைக்கு வடிகால் துண்டு. ஆட்சேபணை இருப்பவர்கள் இப்போதே சொல்லுங்கள்.

செல்வி அக்கா: எனக்கு இல்லை. ஆனால் குடிநீர்க் குழாயை அடுத்த தடவை முதலில் எழுத வேண்டும், இப்போதே எழுதி வையுங்கள்.

பிரபு: ஆர்ச் என்று நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோமதி டீச்சர்: அடுத்து தீர்மானம். மன்றம் சட்டம் போடாது, தெரியும். ஆனால் இன்னது வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி அரசுக்கு அனுப்பலாம், சட்டமும் விதியும் அங்கேதான் மாறும். என்ன கேட்கலாம்?

மளிகை அண்ணாச்சி: சொத்து வரி! 2022இல் ஏற்றினார்கள், அறுநூறு சதுர அடிக்குள் இருந்தால் கால் பங்கு கூடுதல், பெரிய வீடு என்றால் இரட்டிப்பு. அது போதாதென்று இப்போது வருஷா வருஷம் 6 சதவீதம். அதை ரத்து செய்யச் சொல்லித் தீர்மானம் போடச் சொல்லுங்கள், ஊரே கை தட்டும்.

செல்வி அக்கா: 👏👏👏

தறி வீட்டு அண்ணன்: 🙏

கணக்கு சார்: கை தட்டும். அப்புறம்? சொத்து வரி மாநிலத்தின் வளர்ச்சிக்கு ஈடாக ஏறினால்தான் மானியம் என்று 2021-26க்கு நிதி ஆணையமே நிபந்தனை வைத்திருந்தது. வரியை நிறுத்தச் சொல்கிற அதே மனுவில் வடிகாலுக்குக் காசு கேட்டால், வாங்குகிற அதிகாரி ஒரு கண்ணால் சிரிப்பார். ஏப்ரல் 30க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு, அண்ணாச்சி, முதலில் அதை வாங்குங்கள். போன தடவை நீங்கள் கட்டியது ஜூலையில்.

மளிகை அண்ணாச்சி: அது எப்படி உங்களுக்குத் தெரியும்?

கணக்கு சார்: என் கையில் செல்போனைக் கொடுத்துக் கட்டச் சொன்னது யார்?

மாடி வீட்டுத் தம்பி: 😂😂

தறி வீட்டு அண்ணன்: ஒன்று கேட்கலாமா? வீட்டுக்குள்ளேயே தறி வைத்திருக்கிறோம். என்றைக்காவது அளக்க வருகிறவர் முன் அறையைத் தொழில் இடம் என்று எழுதிவிட்டால் வரி மாறிவிடும் என்று எங்கள் ஆட்களுக்கு உள்ளுக்குள் ஒரு பயம். சமைக்கிற இடமும் நெய்கிற இடமும் ஒன்றுதான், குழந்தை பாவுக்கு அடியில் தூங்குகிறது. அந்த அறை குடியிருப்புதான் என்று விதியிலேயே தெளிவாக எழுதச் சொல்ல முடியுமா?

கணக்கு சார்: இது கேட்கக்கூடியது. மானியத்தைத் தொடவில்லை, அம்மாபேட்டை முழுக்கப் பொருந்தும், சேலம் வெண்பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிற ஊர் கேட்டால் அழகாகவும் இருக்கும். 1994இல் மாநகராட்சி ஆனபோது சேலத்துக்கென்று தனிச் சட்டம் இருந்தது. இப்போது எல்லா ஊருக்கும் ஒரே சட்டம், 1998இல் எழுதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கால் நூற்றாண்டு பரணில் கிடந்த சட்டம்! அதன் விதிகளில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். ஆனால் ஒரே வருஷத்தில் நடக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கோமதி டீச்சர்: எழுதிவிட்டேன். வடிகால் துண்டு எவ்வளவு நீளம்? மனுவில் அளவு இல்லாமல் கொடுத்தால் "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு கடிதம் வரும், அத்தோடு சரி.

மளிகை அண்ணாச்சி: நூறு அடி இருக்கும்.

பிரபு: என் ஃபோன் ஆப் 9 மீட்டர் காட்டுகிறது. இல்லை, இப்போது 16 காட்டுகிறது.

தறி வீட்டு அண்ணன்: இருங்கள், வருகிறேன்.

தறி வீட்டு அண்ணன்: எட்டு முழ வேட்டியை விரித்து அளந்துவிட்டேன். மூன்றரை வேட்டி. அப்படியென்றால் 42 அடி.

கணக்கு சார்: 42 அடிதானா! இதற்கு மன்றம் வரை போக வேண்டியதே இல்லை போலிருக்கிறதே. நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நாம் போட்டால் மீதியை அரசு போடும். டீச்சர், மனுவில் அதையும் ஒரு வரி சேருங்கள், எந்த வழியில் சீக்கிரம் நடக்குமோ அந்த வழியில் செய்யட்டும்.

மளிகை அண்ணாச்சி: மூன்றில் ஒரு பங்கு என்றால் வீட்டுக்கு எவ்வளவு வரும்?

கோமதி டீச்சர்: மதிப்பீடு வரட்டும் அண்ணாச்சி. உங்கள் பெயரை முதலில் போட்டுக்கொள்கிறேன்.

மளிகை அண்ணாச்சி: போடுங்கள். ஜூலை வரை டைம் கொடுத்தால் போதும்.

கணக்கு சார்: பிரபு, காலையில் வெளிச்சம் வந்ததும் அந்த இடத்தை ஒரு படம் எடு. வாய்க்கால் முடிகிற இடமும் வடிகால் தொடங்குகிற இடமும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். அளவு புரிகிற மாதிரி வேட்டியையும் பக்கத்தில் விரித்து வை.

தறி வீட்டு அண்ணன்: அது புது வேட்டி சார், கடைக்குக் கொடுக்க வேண்டியது.

செல்வி அக்கா: அதையா சாக்கடை ஓரத்தில் விரித்தீர்கள்? பிரபு, காலையில் உன் லுங்கியைக் கொண்டு வா.