புதுப்பிப்பு: குட்டை ஆள், பெரிய கால், வேடர்ஸ் கிடைத்தது

முன்பு கேட்டிருந்தேன், நினைவிருக்கும். முட்டுக்காடு கழிமுகத்தில் இறங்கி மீன் பிடிக்க, மார்பு வரை வரும் நீர்புகா உடுப்பான வேடர்ஸ் வேண்டும். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், இடுப்பு 44, ஷூ 12. என் வயிற்றுக்குப் பொருந்துவது ஆறடி ஆளுக்குத் தைத்ததாக இருக்கும், உயரத்துக்குப் பொருந்துவதில் பூட்ஸ் ஒன்பதோடு நின்றுவிடும்.

பூட்ஸ் ஒட்டியே வருவதை விட்டுவிடுங்கள் என்று இங்கே ஒரு அண்ணா சொன்னார். அதுதான் சரி. நியோப்ரீன் என்ற ரப்பர் சாக்ஸோடு முடிகிற வகையில் பூட்ஸைத் தனியே வாங்கலாம். சாக்ஸ் தடிமனாக இருப்பதால் 13 எடுத்தேன். வேடர்ஸ், குட்டை, அகலம் என்ற அளவில் வெளிநாட்டில் கிடைத்தது. சுங்க வரியைப் பற்றிப் பேச வேண்டாம். கால் நீளம் கொஞ்சம் மிஞ்சினாலும் கணுக்காலுக்கு மேல் மடிப்பாக உட்கார்ந்துவிடுகிறது. வாங்கும்போது, சட்டையோடு உட்கார்ந்த நிலையில் வயிற்றைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். நின்றபடி எடுத்த அளவு குனிந்தால் போதாது.

வேடர்ஸின் காற்றோட்டத் துணி வியர்வையை வெளியே விடும் என்பது நம்ம ஊரில் பாதி உண்மை. வெளிக்காற்றே ஈரமாக இருந்தால் ஆவி எங்கே போகும்? மார்கழி, தை விடியலில் பரவாயில்லை. சித்திரையில் பேசாமல் அரைக்கால் சட்டையும் அதே பூட்ஸும்தான். ஆளிச் சிப்பி ஓடு காலைக் கிழிக்கும், அதனால் பூட்ஸ் மட்டும் கட்டாயம்.

அப்புறம், இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் உள்ளே தண்ணீர் சட்டென நிறையாது. எனக்கு வந்த பெல்ட் எட்டவில்லை, பழைய பை வாரைச் சேர்த்துத் தைத்திருக்கிறேன்.