பனிச்சரிவு: குழி தோண்டிப் பார்ப்பது பயனா, வீணா?

சாய்வுமானி:
ஆளில்லா மலையில் ஸ்கீ போகிறவர்கள் குழி தோண்டிப் பனியடுக்கைச் சோதிப்பதை விட்டுவிடலாம் என்பது என் கட்சி. மேலடுக்குப் பனி ஒரே பலகையாகப் பெயரும் பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்பும். அளந்து பார்த்து 30-க்குக் கீழே போனால் வேலை முடிந்தது. குழிக்குள் நின்று விறைத்துப்போய் என்ன காண்கிறீர்கள்? பத்து மீட்டர் தள்ளித் தோண்டினால் விடையே மாறும்.

உறைமணி:
அவ்வளவு சுலபமா? நீங்கள் நிற்பது 20 டிகிரி, அதை ஒட்டி மேலே 35 டிகிரிச் சாய்வு என்றால்? உங்கள் எடையில் பலவீன அடுக்கு நொறுங்கி, விரிசல் மேலே ஓடி, பலகை உங்கள் தலைமேல் இறங்கும். காலடியில் 'வும்ப்' என்று அமுங்குகிறதே, அதுதான் அந்த அடுக்கு உடைகிற சத்தம்.

அடியில் சர்க்கரைப் பனி, அதாவது ஒட்டாமல் உதிரும் பலவீன அடுக்கு, கிடப்பது மேலிருந்து தெரியாது. பனி மெல்லிசாக இருந்து கடுங்குளிர் நீடித்தால், 10 செ.மீ. ஆழத்துக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்பநிலை மாறும். படிகங்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டுப் பட்டை பட்டையாக வளரும். அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். மேலே புதுப்பனி மூடினாலும் வாரக்கணக்கில் ஆறாது.

அதற்குத்தான் நீள்தூண் சோதனை. சாய்வுக்குக் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. தூணை நாலு பக்கமும் வெட்டிப் பிரியுங்கள். ஒரு ஓரத்தில் மண்வெட்டியின் தகட்டை வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. விரிசல் விழுந்த தட்டிலோ அடுத்த தட்டிலோ அது மறுமுனைவரை ஓடினால், அந்தச் சாய்வை மறந்துவிடுங்கள்.

சாய்வுமானி:
ஓடாவிட்டால் இறங்குவீர்களா? என் சண்டையே அங்கேதான்.

முகடு:
இடையில் வருகிறேன். தூணின் பின்பக்கத்தை அரைகுறையாக வெட்டுகிறார்கள். தூண் மலையோடு ஒட்டிக்கொண்டு 'ஓடவில்லை' என்கிறது. முடிச்சுப் போட்ட கயிற்றால் அறுத்தால் சுத்தமாகப் பிரியும். காற்று குவித்த மேட்டில் தோண்டுவது இன்னொரு தப்பு. முதலில் புரோப் கம்பியால் குத்தி ஆழம் பாருங்கள். பலவீன அடுக்கு ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால் தட்டுவது அங்கே சரியாக எட்டாது. அந்தச் சோதனையின் 'இல்லை'யை நம்பாதீர்கள்.

சாய்வுமானிக்கும் ஒன்று. 1:25,000 வரைபடத்தில் 20 மீட்டர் சமவுயரக் கோடுகள் 1.4 மி.மீ. இடைவெளியில் இருந்தால் அது 30 டிகிரி. இரண்டு கோட்டுக்கு நடுவே 15 மீட்டர் உயரச் செங்குத்துப் புடைப்பு இருந்தால் வரைபடத்தில் அது வராது. வழியில் கருவியை வைத்து அளந்தே ஆக வேண்டும்.

சாய்வுமானி:
அளக்கச் சொல்லித்தானே நானும் கத்துகிறேன். புடைப்பை ஏற்கிறேன். அடுக்கு இருக்கிறதா என்று தெரிய மண்வெட்டி போடுங்கள், பத்து நிமிடம், தப்பில்லை. தூண் உடையவில்லை என்பதைக் காட்டி 38 டிகிரியில் இறங்குவதை மட்டும் ஏற்கமாட்டேன்.

உறைமணி:
குழி 'போகாதே' என்று மட்டும்தான் சொல்லும், 'போ' என்று சொல்லாது. அதைக் கேட்காமல் 28 டிகிரியில், மேலே என்ன தொங்குகிறது என்று பாராமல் போகிறவரை விடவா நான் தப்பு?