முன்னபின்ன தெரியாதவங்களோட சீட்டு ஆடின அனுபவம், சொல்லுங்க

ரயில்சிநேகம்:
தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஸ்லீப்பர். ராத்திரி பத்து மணிக்கு சென்ட்ரல்ல ஏறினா மறுநாள் பூரா வண்டிதான், அதனால சீட்டுக்கட்டு எப்பவும் பையில இருக்கும். நாக்பூர் தாண்டினதும் கழுதை ஆட்டம் ஆரம்பிச்சோம், கடைசியா கையில சீட்டு மிஞ்சறவங்கதான் கழுதை. நான், என் ஃப்ரெண்டு, வாரங்கல்ல ஏறின ஒரு தெலுங்குத் தாத்தா, எதிர் சீட்டு ஹிந்திப் பாப்பா, எட்டு வயசிருக்கும். யார் பாஷையும் யாருக்கும் சரியா வராது, ஆனா இஸ்பேடு ஆஸ் சூட்கேஸ் மேல விழுந்ததும் எல்லாருக்கும் எல்லாம் புரிஞ்சிடுச்சு. நாங்க ரெண்டு பேரும் சீக்கிரமே கை காலி பண்ணிட்டோம். பாப்பாகிட்ட கடைசியா ஒரே சீட்டு, கிளாவர் ரெண்டு, பயந்து பயந்து போட்டா. தாத்தா கை எனக்குத் தெரியுது, ஆட்டின் ஜாக்கு, இஸ்பேடு அஞ்சு, கிளாவரே கிடையாது. கிளாவர் இல்லாத வேற சீட்டைப் போட்டு வெட்டினா போதும், பாப்பா அதையெல்லாம் அள்ளியே ஆகணும். அவர் என்னை ஒரு பார்வை பாத்தாரு, ரெண்டு சீட்டையும் கவுத்து கட்டுக்குள்ள சொருகிட்டு, தன் காதைப் பிடிச்சு ஆட்டிக் காட்டினாரு, தான்தான் கழுதைன்னு. பாப்பா குதிச்ச குதியில பெர்த்து ஆடுச்சு. ராத்திரி போபால்ல இறங்கிட்டாரு. ஆறு வருஷமாச்சு, அந்தப் பார்வை மட்டும் போகவே மாட்டேங்குது.

டைமன்ராணி:
அருமைங்க. ஆனா கழுதைல கூட எந்த சீட்டைத் தள்றதுன்னு யோசிக்கணும், மங்காத்தாதான் சுத்தமான அதிர்ஷ்டம். ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, மண்டபத்து மொட்டைமாடி, ஜமுக்காளம், காசுக்குப் பதிலா புளியங்கொட்டை. சமையல் மாஸ்டர் ஒருத்தர் வேலைய முடிச்சிட்டு வந்து கட்டை வாங்கினாரு, யாருக்கும் அவரைத் தெரியாது. நான் வெட்டினேன், டைமன் ராணி. அடுத்த ராணி உள்ளே விழுமா வெளியே விழுமாங்கறதுதான் பந்தயம். என் கொட்டை எல்லாத்தையும் உள்ளே வெச்சேன். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியேன்னு போட்டுட்டே வராரு, பாதிக் கட்டு தாண்டியாச்சு ஒரு ராணியும் இல்ல, பேசிட்டிருந்தவங்க எல்லாம் பேச்சை நிறுத்திட்டாங்க, மஞ்சள் கறை படிஞ்ச அவர் கட்டைவிரல் சீட்டைத் தள்றதை மட்டும்தான் பாக்கறோம். நாப்பதாவது சீட்டு, ஆட்டின் ராணி. "வெளியே"ன்னு ரொம்ப மெதுவா சொன்னாரு, எனக்கு ஏதோ கெட்ட சேதி சொல்ற மாதிரி. தோத்ததுல அவ்ளோ சந்தோஷம் எனக்கு வேற எதுலயும் வந்ததில்ல.

கணக்குவாத்தியார்:
டைமன்ராணி, ஒரு திருத்தம். உள்ளேயும் வெளியேயும் சமம் இல்ல. முதல் சீட்டு எந்தப் பக்கம் விழுதோ அந்தப் பக்கம் நூத்துக்கு 51.5 தடவை ஜெயிக்கும், நீங்க வெச்சது நல்ல பக்கம்தான். என் அனுபவம் ரெண்டு வரி. ஒரு லாட்ஜ்ல தெரியாத மூணு பேரோட மூணு சீட்டு ஆடி, தங்கச்சி வளைகாப்புக்கு வெச்சிருந்த 4,000 ரூபாய் போச்சு. கடைசிக் கையில எனக்கு மூணு ராஜா, எதிர்ல மூணு ஆஸ். அதனால சொல்றேன், தம்பிங்களா, 52 சீட்டுல மூணு எடுத்தா மொத்தம் 22,100 விதமா வரலாம், அதுல மூணும் ஒரே நம்பரா வர்றது 52 விதம்தான், அதாவது 425 கைக்கு ஒண்ணு, அது ஒரே ஆட்டத்துல ரெண்டு பேருக்கு வந்தா முதல்ல கட்டை வாங்கி எண்ணிப் பாருங்க. தெரியாதவங்க கொண்டு வர்ற கட்டுல ஆடாதீங்க. பிளைண்டா, அதாவது தன் சீட்டையே பாக்காம, பந்தயத்தை ஏத்திட்டே போறவனோட மல்லுக்கட்டாதீங்க. ரம்மி திறமை ஆட்டம்னு 1968ல சுப்ரீம் கோர்ட்டு சொன்ன அதே தீர்ப்புல மூணு சீட்டை வெறும் அதிர்ஷ்டம்னு பிரிச்சு வெச்சிருக்கு, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. காசு வேணவே வேணாம், புளியங்கொட்டை போதும்.

வடமராட்சியான்:
நாங்கள் செத்தவீட்டில விடிய விடிய 304 எண்ட சீட்டாட்டம் அடிக்கிற ஆக்கள். அது மூளை விளையாட்டு எண்டு சண்டைக்கு வருவினம், ஆனா முதல் நாலு சீட்டைப் பாத்துத்தானே இத்தனை புள்ளி எடுப்பம் எண்டு கேக்கிறது, மற்ற நாலும் என்ன வருமெண்டு ஆருக்குத் தெரியும்? ஒருக்கா ஆள் காணாமல் வழியால போன ஒரு ஐயாவைக் கூப்பிட்டு என்ர சோடியா இருத்தினம். நான் துணிஞ்சு கேட்டுப்போட்டன், பின்னால வந்த நாலும் குப்பை. ஐயா ஒண்டும் பேசேல்லை, துரும்பு ஜாக்கைக் கொண்டந்து மேசையில அடிச்சார், அதுக்கு முப்பது புள்ளி, அடுத்ததா துரும்பு ஒன்பது, அதுக்கு இருபது. தேத்தண்ணி குடிச்சிட்டு சைக்கிளில ஏறிப் போட்டார். பேர்கூடக் கேக்கேல்லை.

ரயில்சிநேகம்:
@கணக்குவாத்தியார் நாங்க காசே வெக்கல அண்ணா. ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். தாத்தா இறங்கினப்புறம் பாப்பா இன்னொரு ஆட்டம் கேட்டு அவளே சீட்டுப் போட்டா, பழக்கத்துல நாலு பேருக்கும். அவர் உக்காந்திருந்த இடத்துல பதிமூணு சீட்டு கவுந்து கிடந்துச்சு. எடுக்க யாருக்கும் மனசு வரல, மூணு பேரா அப்படியே ஆடினோம்.