மாடி அறைக்கு ப்ரொஜெக்டரா, 65 இன்ச் டிவியா? வேலூர் வெயிலையும் சேர்த்துச் சொல்லுங்கள்

கேள்வி (சத்துவாச்சாரி):

வணக்கம். தை மாதம் மாடியில் ஓர் அறை கட்டினோம். 16 அடிக்கு 11 அடி, மேலே நேராகத் தளம்தான், மேற்கே இரண்டு சன்னல். அதைப் படம் பார்க்கிற அறையாக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. கையில் ஒரு லட்சம் இருக்கிறது, சவுண்டும் அதற்குள் முடிய வேண்டும். ஆற்காட்டில் நண்பன் வீட்டில் ஒரு ராத்திரி ப்ரொஜெக்டரில் படம் பார்த்தேன், அன்றிலிருந்து மனசு அங்கேயே நிற்கிறது. ஆனால் அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார், பகல் முழுக்க நியூஸும் கிரிக்கெட்டும். அம்மாவுக்கு மதியம் சீரியல். கீழே ஹாலில் இருக்கும் 32 இன்ச் டிவியில் ஓடுகிற எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று அப்பா தினமும் சொல்கிறார், அதனால் அவர்களையும் மேலே வந்து பார்க்கச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். டவுனில் ஒரு கடையில் "9000 லூமென்ஸ், 4கே சப்போர்ட், பகலிலும் பளிச்சென்று தெரியும்" என்று ஒரு மாடலைக் காட்டினார்கள். நம்பி வாங்கலாமா?

பதில் (காட்பாடி, நாலு வருடமாக ப்ரொஜெக்டர் வைத்திருப்பவர்):

தம்பி, முதலில் அந்த அட்டைப்பெட்டியில் இருப்பதை மறந்துவிடுங்கள். லூமென்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு, ஆனால் வெறும் லூமென்ஸ் என்று போட்டால் அதற்கு அளவுகோலே கிடையாது, ஆன்சி லூமென்ஸ் (ஒரு பொது முறைப்படி அளந்த வெளிச்சம்) எவ்வளவு என்று கேளுங்கள், கடைக்காரர் முழித்தால் நகர்ந்துவிடுங்கள். "4கே சப்போர்ட்" என்றால் 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்றுதான் அர்த்தம், சுவரில் விழுவது 1080 ஆகவோ 720 ஆகவோகூட இருக்கலாம். நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது அது நிஜமாகக் காட்டுகிற புள்ளிகளின் எண்ணிக்கை, என்ன என்பதுதான் கேள்வி.

பகல் விஷயத்துக்கு வருகிறேன். ப்ரொஜெக்டரால் கறுப்பைக் காட்டவே முடியாது. கறுப்பு வர வேண்டிய இடத்தில் அது வெளிச்சத்தை விடாமல் இருக்கும், அவ்வளவுதான், அப்போது அறை வெளிச்சத்தில் உங்கள் சுவர் எப்படித் தெரிகிறதோ அதுதான் படத்தில் கறுப்பு. சன்னல் திறந்திருந்தால் ராத்திரிக் காட்சி எல்லாம் வெளுத்த சாம்பல்தான், எத்தனை லூமென்ஸ் இருந்தாலும். எனக்கும் மேற்குச் சன்னல்தான். அதற்குக் கனமான திரைச்சீலை போட்டேன், ஆனாலும் சீலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தது. நாலரை மணிக்கு அதன் வழியாக ஒரு வெயில் கோடு ஸ்கிரீனில் விழும், மெதுவாக நகர்ந்துகொண்டே போகும். ஐபிஎல் மதிய மேட்ச் மூன்றரைக்கு ஆரம்பிக்கிறதா, அந்தக் கோடு பிட்சைத் தாண்டுகிற வரைக்கும் பந்து எங்கே போகிறது என்றே தெரியாது. கடைசியில் சன்னல் சட்டத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியை ஆணி அடித்துத்தான் அதை நிறுத்தினேன்.

அடுத்தது சூடு, இதை எந்த ரிவ்யூவிலும் நம்ம ஊரை மனசில் வைத்துச் சொல்ல மாட்டார்கள். மேனுவலைப் பிரித்துப் பாருங்கள், பெரும்பாலும் 35 டிகிரி, மிஞ்சினால் 40 டிகிரி வரை இயக்கலாம் என்றுதான் போட்டிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் வெளியிலேயே 40-ஐத் தாண்டும். நேர்த் தளத்துக்குக் கீழே இருக்கிற அறையில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூரையில் கை வைத்தாலும் சுடும், அந்தக் கூரையை ஒட்டித்தான் ப்ரொஜெக்டரைத் தொங்கவிடுகிறோம். எனக்கு ஒரு மே மாதம் படம் பாதியில் இருக்கும்போது அதன் ஃபேன் சத்தம் ஏறிக்கொண்டே போய், சிவப்பு விளக்கு எரிந்து, அப்படியே அணைந்துவிட்டது. ஏசி போட்ட பிறகுதான் அந்தத் தொல்லை நின்றது. ஆகவே ஏசி செலவையும் ப்ரொஜெக்டர் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று, சீலிங் ஃபேன். அறைக்கு நடுவில் ஃபேன் தொங்குகிறது, அதற்குப் பின்னால் கூரையில் ப்ரொஜெக்டரை மாட்டினால் ஒளி இறக்கைகளை வெட்டிக்கொண்டுதான் போகும், படம் முழுக்கத் துடிக்கும். படத்தின் அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் ப்ரொஜெக்டர் இருக்க வேண்டும் என்பதுதான் த்ரோ ரேஷியோ, அது 1.2 என்றால் 100 இன்ச் படத்துக்கு 2.65 மீட்டர், அதாவது எட்டே முக்கால் அடி தள்ளி மாட்ட வேண்டும். 1.5 என்றால் கிட்டத்தட்ட 11 அடி. மாட்டுகிற இடத்துக்கும் சுவருக்கும் நடுவில் ஃபேன் வருகிறதா என்று டேப் வைத்து அளந்துவிட்டு மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவும் சொன்னேன், ஆனாலும் என் ப்ரொஜெக்டரை விட்டுக்கொடுக்க மாட்டேன். 100 இன்ச் திரையின் அகலம் 221 சென்டிமீட்டர், 65 இன்ச் டிவி 144. பரப்பில் இரண்டேகால் மடங்குக்கும் மேல். விளக்கை அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்தால் அந்தப் பெரிய முகங்கள் தருகிற உணர்வு எந்த டிவியிலும் எனக்கு வந்ததில்லை.

பதில் (குடியாத்தம், எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் செய்பவர்):

ஒரு விஷயம் மட்டும். நியூஸ், சீரியல் எல்லாம் சேர்ந்தால் தினமும் ஆறு மணி நேரம் ஓடும், வருடத்துக்கு 2190 மணி. லேம்ப் போட்ட ப்ரொஜெக்டரில் லேம்ப் ஆயுசு பொதுவாக 3000 முதல் 5000 மணி, அப்படியென்றால் இரண்டு வருடத்தில் புது லேம்ப் தேட வேண்டும். லேசர் என்றால் 20,000 மணி என்று சொல்கிறார்கள், விலையும் அதற்கேற்ற மாதிரி. லேம்ப் மாடலில் கரண்ட் போனால் ஃபேனும் சேர்ந்து நின்றுவிடும், சூடான லேம்ப் ஆற முடியாமல் கெடும், அதற்குத் தனியாக ஒரு யுபிஎஸ் வேண்டும். என்னிடம் வருகிற ப்ரொஜெக்டர்களில் ஃபில்டரைக் கழற்றினால் கம்பளித் துண்டு மாதிரித் தூசி படிந்திருக்கும், அதை மாதம் ஒரு தடவை தட்டினாலே பாதி ரிப்பேர் வராது. பகலில் நியூஸ் பார்க்க இதை ஓட்டாதீர்கள் சார்.

பதில் (ஆம்பூர்):

தம்பி, அப்பாவையும் அம்மாவையும் மாடிக்கு ஏறி வரச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்களுடைய டிவி ஹாலிலேயே இருக்கட்டும், அதைப் பெரிசாக்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தும் இருக்கிறது. உட்காருகிற தூரம் ஏழு அடி என்றால் 55, எட்டரை அடி என்றால் 65, இதுதான் நான் வைத்துக்கொள்ளும் கணக்கு. வாங்குவதற்கு முன்னால் நியூஸ்பேப்பரை அந்த அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டிப் பாருங்கள், கடையில் நூறு டிவிக்கு நடுவில் பார்க்கும்போது எல்லாமே சின்னதாகத்தான் தெரியும். சவுண்டுக்குக் கால் பங்காவது ஒதுக்குங்கள், டிவியில் இஆர்க் (எச்டிஎம்ஐ வயர் வழியாகவே டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் சவுண்ட்பாருக்கு ஒரே வயர் போதும். நாங்கள் முதலில் படத்துக்கே எல்லாப் பணத்தையும் போட்டுவிட்டோம், வசனம் கேட்காமல் ஆறு மாதம் சப்டைட்டில் போட்டுக்கொண்டுதான் தமிழ்ப் படமே பார்த்தோம்.

கேட்டவர்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நண்பனுடைய ப்ரொஜெக்டரைப் பெட்டியோடு வாங்கி வந்து, மாடி அறையில் வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டிப் பார்த்தேன். நாலு மணிக்கு அப்பா வந்தார், ஐந்து நிமிடம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "மேட்ச் நடக்குதா இல்லையா" என்று கேட்டுவிட்டுக் கீழே போய்விட்டார். ராத்திரி அதே வேட்டியில் ஒரு படத்தைப் போட்டேன், அம்மா எழுந்து போகவே இல்லை. ஹாலில் சோபாவிலிருந்து சுவருக்கு ஏழேகால் அடி, பேப்பர் ஒட்டிப் பார்த்ததில் அப்பா 55 போதும் என்றுவிட்டார். ஆகவே இப்போதைக்கு அதுவும் ஒரு சவுண்ட்பாரும். மாடி அறைக்குக் கூரையில் வெள்ளைக் கூலிங் பெயிண்ட் அடித்து, ஏசியும் ப்ரொஜெக்டரும் அடுத்த வருடம். சுவர் இன்னும் பூசவில்லை, அதனால் எச்டிஎம்ஐ வயருக்குக் குழாய் இப்போதே போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். ஒரு இன்ச் குழாய் போதுமா?

பதில் (காட்பாடி):

போதாது தம்பி, ஒன்றரை இன்ச் போடுங்கள், வயர் நுழைந்தாலும் அதன் தலை நுழையாது. மூலையில் எல்போ வேண்டாம், நீளமாக வளைகிற பெண்டு போடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வையுங்கள், பிற்பாடு இழுக்கச் சுலபம். உங்கள் அறைக்குச் சுற்றி வந்தால் பத்து மீட்டர் ஆகும், அந்த நீளத்துக்கு 4கே என்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐதான் (ஒளி இழை வழியாகப் படத்தை அனுப்பும் வயர்) நம்பகம். அதில் ஒரு முனை பிளேயருக்கு, மறு முனை ப்ரொஜெக்டருக்கு என்று எழுதியிருக்கும், எந்த முனை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று பார்த்துவிட்டுக் குழாய்க்குள் விடுங்கள். ப்ரொஜெக்டர் மாட்டுகிற இடத்தில் கூரையில் ஒரு பிளக் பாயிண்டும் இப்போதே எடுத்துவிடுங்கள்.