வாராவாரம் காற்று எடுத்த கதை

லண்டன் இல்ஃபோர்டில் நாங்கள் இருப்பது பழைய வரிசை வீடு. சமையலறையில் தண்ணீர் காய்ச்சும் பாய்லர், அந்தச் சுடுதண்ணீர் ஓடி வீட்டைச் சூடாக்கக் கீழும் மாடியிலுமாக எட்டு ரேடியேட்டர், பரணை அறையாக்கியபோது சேர்த்த ஒன்பதாவது. அந்த ஒன்பதாவதுதான் போன டிசம்பர் முழுக்க என் உயிரை வாங்கியது. அடியில் கை வைக்க முடியாத சூடு, மேலே சில். இப்படி இருந்தால் உள்ளே காற்று. தலைகீழாக இருந்தால் அடியில் சேறு. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லிக் கொடுத்தது.

காற்றை எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட வேண்டும். பம்ப் ஓடினால் காற்று ஓரிடத்தில் நிற்காது. ரேடியேட்டரின் மேல் மூலையில் சதுரத் தலையோடு சின்னத் திருகு இருக்கும். கீழே பழைய துணியைப் பிடித்து, அதற்கென்று இருக்கும் சாவியை மாட்டி இடப்பக்கம் கால் சுற்று. உஸ்ஸ்ஸ். பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வரும். அது நூல் பிடித்தாற்போல் வந்ததும் மூடிவிடலாம். முதல் வருஷம் நான் திருகை முழுசாகவே கழற்றிவிட்டேன். சுவரில் தெறித்த கறுப்புத் தண்ணீரின் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை எடுத்த காற்று அடுத்த ஞாயிறு திரும்பவும் வந்து நின்றது. பாய்லர் கேஜில் அழுத்தமும் இறங்கியிருக்கும். குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் ஃபில்லிங் லூப்பைத் திறந்து அழுத்தத்தை 1.2 பாருக்கு ஏற்றுவேன். மூன்று வாரம் இதே பூசை. ஒவ்வொரு தடவையும் புதுத் தண்ணீரோடு கரைந்த ஆக்சிஜனும் உள்ளே போய் ரேடியேட்டரை அரிக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

கண்டுபிடித்தது என் மனைவி. குப்பை போடப் போனவள், "ஏங்க, பின்சுவத்துல ஒரு செம்புக் குழாய் நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதுல ஐஸ் தொங்குது" என்றாள். பாய்லரின் பாதுகாப்பு வால்விலிருந்து வரும் குழாய் அது. அழுத்தம் 3 பாரை எட்டினால்தான் அதில் தண்ணீர் வர வேண்டும்.

கேஸ் இன்ஜினியர் வந்தார். தண்ணீர் சூடேறி விரியும்போது இடம் கொடுக்க ஒரு சிவப்புத் தொட்டி இருக்கிறது. அதில் கார் டயரில் இருப்பது மாதிரியே ஒரு வால்வு. அதன் ஊசியை அமுக்கினார். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் பீய்ச்சியது. உள்ளே ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டது. விரிய இடமில்லாத தண்ணீர் அழுத்தத்தை 3-க்குத் தள்ளி வெளியே கொட்டியிருக்கிறது. விடிகாலையில் ஆறியதும் கேஜில் 0.4. பரண் அறையோ பாய்லருக்கு மேலே ஆறு மீட்டர். அங்கே தண்ணீர் நிற்கவே 0.6 பார் வேண்டும். குழாய் உச்சியில் இருந்த தானியங்கி காற்று வால்வு, காற்றை வெளியே விடுவதற்குப் பதில் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது! வாராவாரம் நான் எடுத்ததெல்லாம் அது இழுத்த காற்று.

தொட்டியும் பாதுகாப்பு வால்வும் மாற்றி, துரு தடுக்கும் மருந்தையும் ஊற்றிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு சாவியைத் தேட வேண்டி வரவில்லை.

*

டொராண்டோவிலிருந்து. எங்கட கதை நேர்மாறு: வால்வு காற்றை வெளியே விடவே இல்லை. பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்கள், பாய்லர் பேஸ்மென்டில். இரவு முழுக்கக் குழாய்க்குள் ஆறு ஓடுகிற சத்தம். பாய்லருக்குப் பக்கத்தில் பித்தளையில் ஒரு காற்று வால்வு நிற்கும். உள்ளே ஒரு மிதவை: காற்றுச் சேர்ந்தால் இறங்கித் துளையைத் திறக்கும், தண்ணீர் ஏறினால் மிதந்து மூடும். அதன் தலையில் உள்ள குட்டி மூடி இரண்டு சுற்றுத் தளர்வாய் இருந்தால்தான் காற்றுப் போகும். முன்பு இருந்தவர் அதை இறுக்கி வைத்திருந்தார். ஏன் என்று தளர்த்தினதும் விளங்கிற்று: சொட்டுச் சொட்டாய்க் கசிவு. துளை வாயில் அழுக்கு. கசிகிறதென்று மூடியை இறுக்கிவிட்டால் அந்த வால்வு இருந்தும் இல்லாததுதான். புதிது வாங்கிப் போட்டோம், சத்தம் நின்றது.

மேல்மாடி ரேடியேட்டர்த் திருகுகள் வேறு தொல்லை. ஆறேழு பூச்சுப் பெயின்டுக்கு அடியில் கிடந்தன. ஒன்றைப் பலமாய்த் திருகி முறித்துவிட்டேன். மைபோலத் தண்ணீர், கம்பளம் எல்லாம். பெயின்டை முதலில் கத்தியால் சுரண்டுங்கோ.

*

நான் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் அடுக்குமாடி, நாலாவது தளம். திருகைத் திறந்தால் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு வாரம் சாவியைத்தான் சந்தேகப்பட்டேன். கடைசியில் கட்டடத்தைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டரைக் கூப்பிட்டால், "யார் யார் எடுத்தீங்க?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இலையுதிர் காலம் தொடங்கியதும் எல்லா வீட்டிலும் ஆளாளுக்குக் காற்று எடுத்திருக்கிறோம், கீழே அழுத்தம் இறங்கியதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நிலவறைக்குப் போய்த் தண்ணீர் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் என் ரேடியேட்டரில் உஸ் என்றது.