முதல் பவளங்கள் சுருங்கிக் கிடக்கின்றன. அடுத்து எதை வாங்கலாம்?

கேள்வி (அங் மோ கியோ)

அனைவருக்கும் வணக்கம். அங் மோ கியோவில் எங்கள் நாலறை வீட்டில் இரண்டடி நீளமுள்ள கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பாறையும் மணலும் போக ஏறத்தாழ 110 லிட்டர் நீர் இருக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் முற்றிலும் இல்லாமற்போன பிறகே ஒரு சோடி கோமாளி மீன்களை விட்டேன்; அவை நன்றாக உண்கின்றன. சென்ற மாதம் சோவாந்தஸ் பவளத்தில் ஒரு சிறு துண்டும் இரண்டு காளான் பவளங்களும் வாங்கினேன். முதல் இரண்டு வாரம் அழகாக விரிந்திருந்த அவை, இப்போது பகல் முழுவதும் சுருங்கியே கிடக்கின்றன.

நண்பகலில் நீரின் வெப்பம் 31 பாகையைத் தொட்டதால், இரண்டு வாரங்களுக்கு முன் நீர்ப்பரப்பின் மேல் காற்று படும்படி விசிறி பொருத்தினேன். வெப்பம் 27.5 பாகைக்கு இறங்கிவிட்டது. ஆனால் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் நீர் வற்றுவதால், கடையில் வாங்கி வைத்திருக்கும் கடல்நீரை ஊற்றி அளவைச் சரிசெய்கிறேன். விசிறி வைத்த பிறகு நீர் மாற்றவில்லை. நீரில் உள்ள உப்பை அடர்த்தியாகக் காட்டும், ஊசி வைத்த ஹைட்ரோமீட்டரில் அளவு 1.024, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.05.

அடுத்ததாக டார்ச் பவளம், கோமாளி மீன்கள் தங்குவதற்கு ஒரு கடற்சாமந்தி (அனிமோன்), மாண்டரின் மீன், மகள் ஆசையாகக் கேட்கும் நீல டாங் ஆகியவற்றை வாங்க எண்ணியுள்ளேன். இவை என் தொட்டிக்குப் பொருந்துமா? இருக்கும் பவளங்களை எப்படிக் காப்பாற்றுவது?

மறுமொழி (ஈசூன்)

தம்பி, புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் நீங்கள் ஊற்றும் நீரை உடனே மாற்றுங்கள். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர். உப்பு முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த இடத்தைக் கடல்நீரால் நிரப்பும்போது ஒவ்வொரு நாளும் உப்பைக் கூட்டிக்கொண்டே போகிறீர்கள். ஒன்றரை லிட்டர் வீதம் 14 நாளுக்கு 21 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால் 735 கிராம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. அது 110 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு ஏறத்தாழ 6.7 கிராம் உயர்வு. பவளங்கள் சுருங்குவதற்கு இதுவே போதும்.

உங்கள் கருவி 1.024 காட்டுவதை நான் நம்பவில்லை. ஊசியில் சிறு காற்றுக்குமிழோ உப்புப் படிவோ ஒட்டினாலே அளவு மாறிவிடும். ஒளி வளைவதைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை இரவல் வாங்கியாவது, உப்பளவு 35 என்று குறிக்கப்பட்ட அளவுத்திரவத்தால் அதைச் சரிசெய்துகொண்டு மீண்டும் பாருங்கள்.

வற்றிய அளவுக்கு ஆர்ஓ நீரை, அதாவது சவ்வு வழியாக வடிகட்டி உப்பு நீக்கிய நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்துப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்ப்பது குளோரமின், அது குளோரினைப் போல எளிதில் பறந்துவிடாது.

விசிறி வைத்ததில் தவறே இல்லை. நம் தென் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்களே கடல் சூடேறிய 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் வெளிறிப்போயின. தொட்டிப் பவளத்தை 31 பாகையில் விட்டுவைக்கக் கூடாது.

மறுமொழி (பொங்கோல்)

அண்ணன் சொன்னதை முதலில் செய்யுங்கள். நான் உங்கள் பட்டியலைப் பற்றிச் சொல்கிறேன். நான்கும் இந்தத் தொட்டிக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. நீல டாங் 30 சென்டிமீட்டர் வரை வளர்ந்து நீண்ட தூரம் நீந்தும் மீன். இரண்டடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் பாறையிடுக்குகளில் உள்ள கோபிபாட் என்னும் மிகச் சிறிய ஓட்டுடலிகளை நாள் முழுவதும் கொத்தித் தின்று வாழ்வது. உங்கள் தொட்டியில் அவை விரைவில் தீர்ந்துபோகும். பிறகு அது கண்ணெதிரே மெலிந்து இறக்கும். அந்தக் காட்சியை உங்கள் மகள் பார்க்க வேண்டாம். கடற்சாமந்தி தனக்குப் பிடித்த இடம் தேடி நகரும். போகும் வழியில் பவளங்களைக் கொட்டும், சில வேளைகளில் பம்பிலும் சிக்கும். கோமாளி மீன்கள் அது இல்லாமலே நலமாக வாழும். டார்ச் பவளமோ இரவில் நீண்ட கொட்டுக் கைகளை வீசி அண்டையில் உள்ளவற்றைப் புண்ணாக்கும்.

உப்பு நிலைபெற்று ஒரு மாதம் கழிந்த பிறகு தோல் பவளம் ஒன்றை வாங்குங்கள். அது அவ்வப்போது சில நாள் வாடி, மெழுகுபோன்ற மெல்லிய படலத்தை உரித்துவிட்டு மீண்டும் விரியும்; அதைச் சாவு என்று எண்ணிப் பதற வேண்டாம். பச்சை நட்சத்திரப் பவளம் வேண்டுமென்றால் தனிக் கல்லில் வையுங்கள், இல்லையேல் பாறை முழுவதையும் மூடிவிடும். கல் பவளங்களில் கேண்டி கேன் வகை பொறுமையானது. எதுவானாலும் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டாகக் கேட்டு வாங்குங்கள். கல் பவளங்கள், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கைக்கு உட்பட்டவை.

மீன்களில் வாட்ச்மேன் கோபியையும் பிஸ்டல் இறாலையும் சேர்த்து விட்டுப் பாருங்கள். பார்வை மங்கிய இறால் வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு ஒன்று எப்போதும் மீனின் மேல் பட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் மகளுக்கு நீல டாங்கைவிட இது பிடித்துப்போகும் என்று உறுதியாகச் சொல்வேன். பிறகு ஒரு ஃபயர்ஃபிஷ் சேர்க்கலாம். அது துள்ளி வெளியே விழும் மீன் என்பதால் வலைமூடி இன்றி வாங்க வேண்டாம்.

கேட்டவர்

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. நண்பரின் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தேன்: 1.031. இன்றே முழுவதையும் 1.025க்குக் கொண்டுவந்துவிடலாமா?

மறுமொழி (ஈசூன்)

வேண்டாம் தம்பி. திடீர் இறக்கம் பவளங்களுக்கு இன்னொரு அடியாகிவிடும். நாள்தோறும் நான்கு லிட்டர் தொட்டிநீரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ நீரை மெதுவாகச் சேருங்கள். ஒரு தடவைக்கு ஏறத்தாழ 0.001 இறங்கும். வற்றுவதற்கான நீர் இதற்கு மேலே தனி. ஐந்தாறு நாளில் சரியாகிவிடும். தினமும் அளந்து, 1.025 வந்ததும் நிறுத்துங்கள். இறால்களும் நத்தைகளும் உப்பு மாற்றத்தை மீன்களைவிடக் குறைவாகவே தாங்கும் என்பதால், அதுவரை அவற்றையும் வாங்க வேண்டாம்.

மறுமொழி (பொங்கோல்)

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அந்தக் கல்லைத் தொடாதீர்கள். தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். ஆவியாகவோ தெறிப்பாகவோ அந்த நஞ்சு உடலுக்குள் போனால் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டியிருக்கும். மகள் தொட்டிக்குள் கைவிடாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து)

இன்று காலை 1.025. காளான்கள் இரண்டும் விரிந்துவிட்டன. சோவாந்தஸில் பாதி திறந்திருக்கிறது. கையுறை வாங்கிவிட்டேன். வலைமூடிக்குத் தொட்டியை அளந்து வைத்திருக்கிறேன்.